காலடியில் கிடந்த தோட்டாக்கள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரியவர், அவருடைய மனைவி, தம்பியான சின்னவர், மருமகள், ராணுவ அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மா. பெரியவரின் மகன் அங்கே இல்லை. வேலைக்குப் போயிருந்தான். தானும் இருந்ததாகப் பிற்பாடு அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான், அது சரியல்ல. அந்தப் பிற்பகலைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுவரில் டிரில் மாஸ்டர் இருந்தார். பெரியவரின் அப்பா. ராணுவப் பயிற்சிப் பள்ளியில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இறந்து பல வருடங்கள் ஆகியும், படத்திலிருந்தபடியே வீட்டில் யார் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே இரண்டு பித்தளைக் கொக்கிகள். கொக்கிகளின் மேல் துப்பாக்கி. ஓய்வு பெற்ற நாளில் பள்ளி அவருக்குக் கொடுத்த பரிசு அது.

பெரியவர் குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலிக்கு முதுகு எதற்கு வைக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதில் சாய்ந்ததில்லை. அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தவை அந்த முதுகும், ஒரு சாம்பல் நிறக் கம்பளியும், ஒரு பெருமையும். டிரில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவார், ஒரு திருகாணி இடம் மாறாது. அதுதான் பெருமை. கம்பளி அந்தப் பெருமையின் கருவி. பிரிக்கிற எதையும் கம்பளியின் மேல் இடமிருந்து வலமாக வரிசையாக வைக்க வேண்டும். மின்விசிறியைக் கழற்றினாலும் சரி, தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டாலும் சரி, அந்த வீட்டில் கம்பளி விரியும். "எங்க வீட்டுல எதுவும் எதோடவும் கலக்காது" என்று பெரியவர் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் திருகாணியை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை.

பழைய பயிற்சிப் பள்ளியின் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கண்ணாடிப் பேழை டிரில் மாஸ்டருக்கு. துப்பாக்கியை வைத்து, அடியில் ஒரு பித்தளைப் பலகை. அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தைப் பெரியவரே யோசித்து வைத்திருந்தார்: 'தம் பணிக்காலத்தில் ஒரு தவறும் செய்யாத ஆசான்.' அதை அதிகாரியிடம் சொன்னபோது அந்த அம்மா, "எழுதிடலாம் சார். முதல்ல இது என்ன துப்பாக்கின்னு பார்த்துடறேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

"பாருங்க, நல்லா பாருங்க" என்றார் பெரியவர். அந்த வார்த்தையை அவர் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

துப்பாக்கியை இறக்கிக் கம்பளியின் மேல் வைத்தார்கள். மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். சின்னவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்தார். அது வாய்க்கு வருவதற்குள் உடைந்து வேட்டியில் விழுந்தது.

"அடச்சே, பதினேழாயிட்டேன்" என்றார் சின்னவர். சொன்ன பிறகுதான் மருமகள் அருகில் நிற்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவரின் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். மருமகள் ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

இந்தப் பதினேழு யாரென்று சொல்லியாக வேண்டும்.

டிரில் மாஸ்டர் பயிற்சிக்கு வரும் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரவர் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அவரவர் பெயர். அப்படி ஒரு பதினேழு இருந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு, இளம் மனைவி, கைக்குழந்தை. சண்டை மூண்டபோது அவருடைய அணியை அவசரமாக அனுப்பினார்கள். முதல் காவலிலேயே அவர் செத்துப்போனார். திரும்பி வந்தவர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள்: பதினேழு ஒரு தடவைகூடச் சுடவில்லை; தோட்டாக்கள் சுடாமல் முழுசாக அவர் காலடியில் கொட்டிக் கிடந்தன; பயத்தில் கை உதறி, போடத் தெரியாமல் கொட்டியிருக்கிறார். அந்தச் செய்தி தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து சொல்வழக்காகிவிட்டது. சில்லறையைச் சிதறவிட்டாலும் கரண்டி நழுவினாலும், "என்ன, பதினேழாயிட்டியா?" குழந்தைகள்கூடச் சொல்லும். யார், என்ன என்று கேட்காமல் சொல்லும்.

பெரியவரின் மகன் காதலித்துக் கட்டிக்கொண்டது அந்தப் பதினேழின் பேத்தியை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர், நாலு பேர் காதுபட, "பயந்தவன் ரத்தம், நம்ம வீட்டுக்கா?" என்று கேட்டார். அடுத்த அறையில் அவள் இருந்தாள். கல்யாணம் நின்றுவிடவில்லை. அவள் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு வீட்டில் தடை. ஆனால் நாக்குக்குத் தடை போடுவது சுலபமா?

அதிகாரி துப்பாக்கியின் கட்டையை முகர்ந்து பார்த்தார். "இந்த வார்னிஷ் யார் போட்டது?"

"நான்தான் மேடம்" என்றார் சின்னவர், உற்சாகமாக. "வருஷா வருஷம் ஒரு பூச்சு. பளபளன்னு இல்ல?"

"பளபளன்னுதான் இருக்கு. அதான் ஒண்ணுமே தெரியல." பஞ்சில் ஏதோ திரவத்தை நனைத்துக் கட்டையைத் தேய்த்தார். பழுப்பு நிறம் பஞ்சில் ஏறியது. அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கிளம்பிவந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"இது பயிற்சித் துப்பாக்கி சார். சண்டைக்குப் போனது கிடையாது. தேய்ஞ்சுபோன துப்பாக்கியை ஒதுக்கி, சுடாதபடி செஞ்சு, தெரியறதுக்காக இந்த வெள்ளைப் பட்டையை அடிச்சுடுவாங்க. தோள்ல வைக்கறது, இறக்கறது, பிரிச்சுப் பூட்டறது, இதுக்கு மட்டும்தான்."

சின்னவரின் முகம் தொங்கிப்போனது. "மேடம், எங்க ஆபீஸ்ல இது ஒரு மலையையே காப்பாத்தின துப்பாக்கின்னு சொல்லி வெச்சிருக்கேனே!"

"எந்த மலைன்னு கேட்டாங்களா?"

"நல்லவேளை கேக்கல."

பெரியவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அப்பா சொல்லிக்கொடுத்தவர். சொல்லிக்கொடுக்கற துப்பாக்கிதான் அவர்கிட்ட இருக்கணும். இது கௌரவம்தான்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். துப்பாக்கி சுடாவிட்டால் என்ன? அப்பாவின் கை சுத்தமானது.

அதிகாரி போல்ட்டைத் தொட்டார். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கிற இரும்புத் தண்டு அது. அதன் கைப்பிடியை ஒரு செம்புக் கம்பி பலமுறை சுற்றி உடலோடு கட்டியிருந்தது. கம்பியின் மேல் ஈயம் ஊற்றிப் பற்றவைத்திருந்தது.

"இது யார் செஞ்சது?"

"அப்பாதான். நாங்க சின்னப் பசங்க, கையை வெச்சு நசுக்கிக்குவோம்னு."

"பசங்களுக்காகன்னா கம்பி போதுமே. ஈயம் எதுக்கு?" அவர் கேட்டது தனக்குத்தானே போல இருந்தது. "வெட்டலாமா சார்? உள்ள பார்த்தாத்தான் முழுசா சொல்ல முடியும்."

"தாராளமா வெட்டுங்க" என்றார் பெரியவர். "எங்க வீட்டுல மறைக்க ஒண்ணுமில்ல."

கம்பி அறுந்தது. போல்ட்டு பல வருடத் துருவோடு முனகிக்கொண்டு வெளியே வந்தது. அதிகாரி அதைப் பிரித்து முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புருவம் சுருங்கியது. கையடக்கப் பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு துப்பாக்கியின் குழலை, யார் பக்கமும் பார்க்காதபடி, சுவரை நோக்கித் திருப்பிவைத்தார். அந்தச் சின்ன அசைவிலேயே கூடத்தில் ஏதோ மாறிவிட்டது.

"இது சுடும்" என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?" பெரியவரின் மனைவி எழுந்துவிட்டார். "பேரப்பசங்க இதைப் பிடிச்சுக்கிட்டு டுமீல் டுமீல்னு விளையாடியிருக்குங்களே!"

"தோட்டா இல்ல, போல்ட்டும் கட்டியிருந்துச்சு, அதனால தப்பிச்சுது. கேளுங்க. இந்த மாதிரித் துப்பாக்கியில குழலை ஒண்ணும் செய்யமாட்டாங்க. போல்ட்டுக்குள்ள ஒரு ஊசி இருக்கு. விசையை அழுத்தினா அது போய்த் தோட்டாவைக் குத்தும். அந்த ஊசியோட முனையை வெட்டிடுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். இதுல ஊசி முழுசா இருக்கு. அப்படின்னா இது இந்தத் துப்பாக்கியோட போல்ட்டே இல்ல. வேற துப்பாக்கியோடது. மாறியிருக்கு."

"மாறாது" என்றார் பெரியவர்.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. "உடம்புல இருக்கற எண் அறுபத்திரண்டுல முடியுது. போல்ட்டுல..." கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஒன்பது, நாலு, ஒண்ணு, ஏழு. பதினேழுல முடியுது."

தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

மருமகள் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக் கையில் வைத்திருந்தாள். தட்டு நழுவி விழுந்தது என்று சின்னவர் இப்போதும் சொல்வார். விழவில்லை. அவள் அதை மேஜையின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"மேடம், அப்போ அந்த முனை வெட்டின ஊசி இன்னொரு துப்பாக்கிக்குள்ள போயிருக்குமா?"

"போயிருக்கணும். நல்ல துப்பாக்கி ஒண்ணு யாரோ ஒருத்தர் கையில சுடாமப் போயிருக்கும்."

"ஒருத்தர் விசையை அழுத்தறார். வெடிக்கல. அடுத்து என்ன செய்வார்?"

"போல்ட்டைப் பின்னால இழுப்பார். உள்ள இருக்கற தோட்டா வெளிய தெறிக்கும். முன்னால தள்ளினா அடுத்தது உள்ள போகும். மறுபடி அழுத்துவார்."

"அதுவும் வெடிக்கலன்னா?"

"மறுபடி இழுப்பார். தோட்டாதான் நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு நினைப்பார். ஊசி இல்லன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கையில இருக்கற வரைக்கும் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்ப்பார்."

"வெளிய தெறிக்கற தோட்டாவெல்லாம் எங்க விழும் மேடம்?"

"வலது பக்கம். காலடியில." அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். "யாரைப் பத்திக் கேக்கறீங்க?"

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோப்பைகள் கழுவும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பாதுகாப்பு கருதிப் போல்ட்டை அதிகாரி தன்னோடு எடுத்துக்கொண்டார். பலகை வாசகத்தை அடுத்த வாரத்துக்குள் சொல்லும்படி கேட்டுவிட்டுப் போனார். துப்பாக்கியை மறுபடி கொக்கியில் மாட்டினார்கள். போல்ட்டு இருந்த இடத்தில் ஒரு பொந்து. அப்பாவின் படத்துக்குக் கீழே அது வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

சின்னவர் அண்ணனை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, நான் சொல்றதைக் கேளு. அந்த அம்மாவுக்குப் பதினேழும் தெரியாது, பதினெட்டும் தெரியாது. நாம வாயைத் திறக்கலன்னா முடிஞ்சுபோச்சு."

"பேசாம இருடா."

"பலகையில 'தவறே செய்யாத ஆசான்'னு வந்துட்டா வந்ததுதான். பித்தளையை யார் அழிக்கப் போறா? அப்பா பேரு போச்சுன்னா நமக்கு என்ன மிச்சம்? இந்த வார்னிஷ் டப்பாதான்."

"பதினேழுன்னு அப்பா எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பாரோ" என்றார் பெரியவர். அதைச் சொன்னது தம்பிக்காக அல்ல.

"அதானே! ஒவ்வொரு அணியிலயும் ஒரு பதினேழு இருந்திருக்கும். இவரேதான்னு யார் கண்டா?"

படிக்கு மேலே மருமகள் நின்றிருந்தாள். காய்ந்த துணிகளை எடுத்துவரப் போனவள். சின்னவர் சட்டென்று கம்பளியை மடிக்கிற வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

"மாமா" என்றாள் அவள். "எங்க அப்பாகிட்ட நான் சொல்லப்போறதில்ல."

பெரியவருக்கு ஒரு கணம் மூச்சு இலகுவாயிற்று. அடுத்த கணம் அது போய்விட்டது, ஏனென்றால் அவள் முடிக்கவில்லை.

"நான் சொன்னா, தாத்தாவுக்காகப் பேத்தி கதை கட்டறான்னு சொல்வாங்க. பயந்தவன் ரத்தம்னு உங்க வாயால சொன்னீங்க. அதை உங்க வாயாலதான் எடுக்கணும். எடுக்கலன்னா நான் கேக்கமாட்டேன். ஆனா இந்த வீட்டுல என் கையிலேர்ந்து ஒரு சாமான்கூட விழுந்ததில்ல, பார்த்திருக்கீங்களா? இத்தனை வருஷமா நான் எப்படிப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது."

துணிகளை மார்போடு அணைத்தபடி அவரைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் பெரியவர், வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஊதுகுழலைப் பார்க்கப் போனார். ஊதுகுழல் என்பது பழைய அணியில் எக்காளம் ஊதியவர். அந்த அணியில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆள். ஊர் எல்லையில் இருந்த முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பல் இல்லை, காது பாதி இல்லை, வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"டிரில் மாஸ்டர் மகன்தானே? மூஞ்சி மறந்துபோச்சு. முதுகு மறக்கல. உக்காருங்க. அந்த நாற்காலி கடிக்காது."

பெரியவர் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "உங்க அணி கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"கிளம்பினோம்" என்று சிரித்தார் கிழவர். பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "காலையில லாரி வந்து நிக்குது. எல்லாருக்கும் அவங்கவங்க துப்பாக்கியை எடுத்துக் குடுத்தாச்சு. ஒரு தடவை சுட்டுப் பார்க்க நேரமில்ல, நேரா போகணும்னுட்டாங்க. உங்க அப்பா விடல. ஒரு தடவையாவது துடைச்சுட்டுப் போங்கடான்னு உக்கார வெச்சார். அவரோட பழைய பயிற்சித் துப்பாக்கி இருக்குமே, வெள்ளைப் பட்டை போட்டது, அதை எடுத்துக்கிட்டு முன்னால உக்காந்தார். முன்வரிசையில பதினேழு. நல்ல கை அவனுக்கு, சொல்லித்தர ஒண்ணும் வேணாம். அதனால அவன் துப்பாக்கியையும் வாங்கி, ரெண்டையும் ஒரே கம்பளியில பிரிச்சுப் போட்டார்."

"ஒரே கம்பளியிலயா?"

"ஒரே கம்பளிதான். லாரிக்காரன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருக்கான். நாங்கெல்லாம் சின்னப் பசங்க, பயத்துல மூஞ்சி வெளிறிக்கிடக்கு. எங்களுக்குத் தெம்பு வரட்டும்னு நினைச்சிருப்பார். 'வேகத்தைப் பாருங்கடா'ன்னு சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் பூட்டினார். சர்க்கஸ் மாதிரி. நாங்க கைதட்டினோம். பதினேழுதான் பலமா தட்டினான்."

பெரியவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அப்புறம் தோட்டாவைப் பொறுக்கினது நான்தான்" என்றார் ஊதுகுழல். குரல் இறங்கியிருந்தது. "புத்தம் புதுசா கிடந்துச்சு, ஒரு கீறல் இல்ல. ஊருக்கு வந்து நாங்கதான் சொன்னோம், பயந்துட்டான்னு. எங்களுக்கு வேற என்ன தோணும்? ஆனா உங்க அப்பா ரிட்டயராகி வீட்டுக்குப் போன கொஞ்ச நாள்ல ஒரு தடவை என்னைத் தேடி வந்தார். நின்னுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி. தோட்டா எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னு. வலது பக்கம்னேன். சரின்னார். தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. போயிட்டார்."

பெரியவர் பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே வீடு திரும்பினார். வெயில் தலையில் இறங்கியது. பரிசாக வந்த துப்பாக்கியை அப்பா வீட்டில் ஒரு நாள் பிரித்திருக்கிறார். ஊசியைப் பார்த்திருக்கிறார், எண்ணைப் பார்த்திருக்கிறார். போய்க் கேட்டிருக்கிறார். வந்து கம்பியைச் சுற்றி ஈயத்தை ஊற்றியிருக்கிறார். வீட்டில் யாராவது பதினேழு என்று சொல்லிச் சிரித்தால் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுவார். கோழையின் பேச்சுகூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அதனாலேயே இன்னும் துணிந்து சிரித்தார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அப்பாவின் அந்த மௌனம் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளையா? அப்படி இருந்தால் அதைக் காப்பது மகனின் கடமை. பெரியவர் பாதி வழிவரை இதையே பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு அது கட்டளை இல்லை, பயம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பயம் என்ற சொல்லைத்தான் அவர் இன்னொரு வீட்டின் ரத்தத்துக்குக் கொடுத்திருந்தார். வீட்டு வாசலில் மனைவி, "என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "வெயில்" என்றார்.

அன்றிரவும் அடுத்த நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு சமையல்கட்டுல நின்னா எனக்கு அவ முகத்தைப் பார்க்க முடியல. நீங்களாச்சு உங்க அப்பாவாச்சு" என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு வெளியே போனார்.

சம்பந்தி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். பதினேழின் கைக்குழந்தைதான் இப்போது தலை நரைத்து அந்தக் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் சுவரில் தொங்குகிற செத்தவர்கள் அநேகமாக எல்லாரும் அவர் கையால் சட்டத்துக்குள் போனவர்கள். டிரில் மாஸ்டரும் அப்படித்தான். பெரியவர் எதற்கும் ஆள்தான் அனுப்புவார். அந்தக் கடைப்படியை அவர் மிதித்ததே இல்லை.

ஆகவே அன்று காலை அவர் கடைக்குள் நுழைந்தபோது சம்பந்தி பதறி எழுந்தார். முழங்கை பட்டு, ஆணி டப்பா கவிழ்ந்தது. பொடி ஆணிகள் தரையெங்கும் ஓடின.

கடை பெஞ்சில் வானொலி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். தெருவின் செய்தி முழுவதும் அவர் வழியாகத்தான் ஒலிபரப்பாகும் என்பதால் அந்தப் பெயர். இன்னும் இரண்டு பேர் படம் வாங்கக் காத்திருந்தார்கள்.

"கொட்டிட்டியா?" என்றார் வானொலி, ரசித்து. "உன்னைச் சொல்லி என்ன பண்றது! அப்பன் தோட்டாவைக் கொட்டினார், நீ ஆணியைக் கொட்டற. குடும்பத் தொழில்!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். சின்ன வயதிலிருந்து சிரித்துச் சிரித்துப் பழகிப்போன சிரிப்பு அது. குனிந்து ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அவர் கொட்டல" என்றார் பெரியவர்.

வானொலி திரும்பினார். "என்ன சார்?"

"பதினேழுங்கறவர் தோட்டாவைக் கொட்டல. பயப்படவும் இல்ல. அவர் துப்பாக்கியில ஊசி கிடையாது. வெடிக்காத துப்பாக்கியில ஒவ்வொரு தோட்டாவா போட்டு, கடைசி வரைக்கும் சுட்டுப் பார்த்திருக்கார். வெடிக்காதது எல்லாம் காலடியில விழுந்திருக்கு. அதுதான் நடந்தது."

"யார் சொன்னது சார் இதை?"

"நான் சொல்றேன்."

"ஊசியில்லாத துப்பாக்கியை யாராவது குடுப்பாங்களா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெளியே போகிறவர்களுக்கும் கேட்கும்படி, எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பவரைப்போலச் சொன்னார்: "எங்க அப்பா குடுத்தார். ரெண்டு துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கிட்டுப் பூட்டினார். போல்ட்டு மாறிப்போச்சு. வேணும்னு செய்யல. பின்னால அவருக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

வானொலிக்கு, அந்தத் தெரு அறிந்தவரையில் முதல்முறையாக, பேச்சு வரவில்லை.

சம்பந்தி குந்திய நிலையிலேயே இருந்தார். உள்ளங்கையில் ஆணிகள். அவர் பெரியவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மா கடைசி வரைக்கும் கடைத்தெருவுக்குத் தனியா போனதில்ல" என்றார். "யாராவது எதையாவது கீழ போட்டுடுவாங்களோன்னு பயம்."

மன்னிப்பு என்ற சொல் பெரியவரின் வாய்க்குப் பழக்கமில்லாதது. வந்தது, ஆனால் பாதியில் நின்றது. "பலகையில போடணும்" என்றார். "அவர் பேரு எனக்குத் தெரியாது சம்பந்தி. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. பதினேழுன்னுதான் தெரியும். பேரு என்ன?"

சம்பந்தி சொன்னார். பெரியவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சம்பந்தி தலையாட்டினார். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. பெரியவரும் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை மருமகளின் அப்பாவிடமிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். பிறகு சமையலறையில் ஏதோ கண்ணாடிச் சாமான் விழுந்து உடைந்தது. கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள். சின்னவர் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தார்.

காட்சிக்கூடம் திறந்தாயிற்று. துப்பாக்கியை வார்னிஷ் சுரண்டி, வெள்ளைப் பட்டைகள் தெரிய வைத்திருக்கிறார்கள். போல்ட்டு தனியாக, எண் தெரியும்படி, அருகில் இருக்கிறது. திறப்புவிழாவுக்குச் சம்பந்தி வரவில்லை. பிற்பாடு ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகத் தெரிகிறது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இன்னும் சரியாகவில்லை. ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது.

மருமகளின் வாய்க்குப் பயந்து, தன் அப்பாவின் பெயரையே பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார் பெரியவர் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அப்பாவின் பெயர் இருக்கிறது, சம்பந்தி சொன்ன பெயருக்குக் கீழே, இரண்டாவது வரியில்.